கண்ணை அளக்கும்போது தலையை மறக்காதீர்கள்

மூளை கண்ணையும் தலையையும் எப்படிச் சேர்த்து அசைக்கிறது என்று ஆராயும் ஆய்வகத்தில் போஸ்ட்டாக்காக, அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராகச் சேர்பவர்கள் பலர், கண் அசைவை மட்டும் பழகிவிட்டு வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். தலையை அசையாமல் பிடித்து எடுத்த முடிவுகள் தலை திரும்பும்போதும் செல்லும் என்று நம்பிவிடுவதுதான் இதில் பெரிய தவறு.

பார்வை சட்டென்று ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவுவதைச் சக்கேட் என்கிறோம். தலை அசையாதபோது, தாவலின் அளவு தெரிந்தால் போதும். எவ்வளவு நேரம் எடுக்கும், உச்ச வேகம் என்ன என்று ஏறத்தாழச் சொல்லிவிடலாம். 10 டிகிரி சக்கேட் சுமார் 45 மில்லிவினாடியில் முடிந்துவிடும். தலையும் சேர்ந்து திரும்பும்போது இந்தக் கணக்கு குலைகிறது. கண் அதே அளவு நகர்ந்தாலும், தலையின் பங்கு கூடக்கூடக் கண்ணின் வேகம் குறைகிறது. கண் பதிவை மட்டும் பார்ப்பவர் இதை நோய்க்குறி என்றோ களைப்பு என்றோ தவறாக எண்ணக்கூடும். தலைக்குள் கண் நிற்கும் கோணத்தோடு தலை திரும்பிய கோணத்தையும் கூட்டினால்தான் உண்மையான பார்வைத் திசை கிடைக்கும்.

நடுமூளையில் உள்ள சுப்பீரியர் காலிகுலஸ் என்ற பகுதி இதற்கு நல்ல பாடம். தலை கட்டப்பட்ட குரங்குகளில் அந்த இடத்தை மின்சாரத்தால் தூண்டினால் கண் சக்கேட் வரும் என்று 1972இல் ஆய்வாளர் ராபின்சன் காட்டினார். அதை வைத்து, அது கண்ணுக்கான கட்டளை மட்டுமே என்று நினைத்துவிடுவது எளிது. ஆனால் 1996இல் ஃப்ரீட்மன், ஸ்டான்ஃபோர்ட், ஸ்பார்க்ஸ் மூவரும் தலையை விடுவித்துத் தூண்டியபோது கண்ணும் தலையும் சேர்ந்தே திரும்பின. தூண்டலைச் சீக்கிரமே நிறுத்தினால் அசைவு பாதியில் அறுந்துவிடும் என்பதும் தெரிந்தது. எவ்வளவு நேரம் தூண்டுகிறீர்கள் என்பதே முடிவைத் தீர்மானித்துவிடக்கூடும், அதனால் அந்த நேரத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்காமல் எதையும் எழுதாதீர்கள்.

கண் முதலில் அசைகிறது, அதனால் மூளை கண்ணுக்குத்தான் முதலில் ஆணை அனுப்புகிறது என்று சொல்வதும் அவசர முடிவுதான். தலை கனமானது, கிளம்ப நேரம் பிடிக்கும். கழுத்துத் தசையின் மின்பதிவை எடுத்துப் பாருங்கள்: தலை நகரும் முன்பே, பல சமயம் கண் நகரும் முன்பே, தசை வேலையைத் தொடங்கியிருக்கும்.

அப்புறம், தலை திரும்பும்போது கண்ணை எதிர்ப்பக்கம் நகர்த்திக் காட்சியை நிலைநிறுத்தும் அனிச்சைச் செயல். அது எப்போதும் ஒரே வலுவோடு இயங்குவதில்லை; பார்வையை வேண்டுமென்றே மாற்றும்போது மூளை அதை அடக்கிவைக்கிறது. தலை அசைவை உணரும் உள்காதின் செய்தியைப் பெறும், மூளைத்தண்டின் வெஸ்டிபுலார் கருக்களில் உள்ள சில நியூரான்கள், நாமே தலையைத் திருப்பும்போது மிகக் குறைவாகவே பதில் தருகின்றன. எனவே சுழல் நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியைச் சுழற்றி எடுத்த தரவை வைத்து, தானாகத் தலை திருப்புவதை விளக்கக் கூடாது.

கருவிப் பிழைகள் எளியவை, ஆனாலும் மாதக்கணக்கான உழைப்பை வீணாக்கும். வினாடிக்கு 60 படம் எடுக்கும் 60 ஹெர்ட்ஸ் கேமராவில் 10 டிகிரி சக்கேட்டுக்கு இரண்டு மூன்று புள்ளிகள்தான் விழும். உச்ச வேகம் அதில் கிடைக்காது. தலையில் அணியும் கருவி, வேகமாகத் திரும்பும்போது சற்று வழுக்கினாலும் கண் நகர்ந்ததுபோல் பதிவாகும். ஒவ்வொரு சோதனைத் தொகுதிக்கும் முன்னும் பின்னும் அளவீட்டைச் சரிபார்த்து, இரண்டும் ஒத்துப்போகாத தொகுதியைத் தயங்காமல் விலக்கிவிடுங்கள்.