"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்பவரை ஓட்டுப் போட அழைப்பது எப்படி

அக்கா மகனுக்கு அது முதல் ஓட்டு. "யார் யார் நிக்கிறாங்கன்னே தெரியலை சித்தி, நான் போகலை" என்றான். "அதெல்லாம் பரவாயில்லை, யாருக்காவது போட்டுட்டு வா" என்று விரட்டினேன். போய்விட்டு வந்தான். யாருக்குப் போட்டாய் என்று நான் கேட்கவில்லை, அவனே சொன்னான்: "முதல்ல இருந்த பேருக்கு." பேர் என்னடா என்றேன். யோசித்தான், வரவில்லை. "நீங்கதானே யாருக்காவதுன்னு சொன்னீங்க!"

அவனைத் திட்ட எனக்கு வாயில்லை. அதற்குப் பிறகு "சும்மா போய்ப் போடு" என்று யாரிடமும் சொல்வதில்லை. "தெரியாட்டி போகாதே" என்றும் சொல்வதில்லை. இடையில் அரைமணி நேர வேலை ஒன்று இருக்கிறது. அதை நான் எப்படிச் செய்கிறேன் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு பொய்ச் சமாதானத்தைக் கைவிடுங்கள். "தெரியாதவங்க ஆளுக்கொரு பக்கம் போடுவாங்க, கூட்டிக் கழிச்சா சரியாயிடும்" என்பார்கள். 1785-இல் கொண்டோர்சே என்ற பிரெஞ்சு அறிஞர் போட்ட கணக்கு ஒன்று உண்டு. அதன்படி, இரண்டில் ஒன்றை 100-க்கு 60 தடவை சரியாகத் தேர்ந்தெடுக்கக்கூடிய 101 பேர், ஒருவரையொருவர் பார்க்காமல் ஓட்டுப் போட்டால், பெரும்பான்மை முடிவு சரியாக இருக்க ஏறக்குறைய 98 சதவீத வாய்ப்பு. அதே 101 பேர் 40 தடவைதான் சரி என்றால் கணக்கு அப்படியே குப்புற விழும். போதாக்குறைக்கு, தெரியாதவர்களின் ஓட்டு நாலாபக்கமும் சிதறுவதும் இல்லை. பட்டியலின் மேல்பக்கம் சாய்கிறது. ஆஸ்திரேலியாவில் இதற்குப் பெயரே 'கழுதை ஓட்டு': வேட்பாளர்களுக்கு விருப்ப வரிசைப்படி எண் போடுவதற்குப் பதில், மேலிருந்து கீழே 1, 2, 3 என்று போட்டுவிட்டு வந்துவிடுவது. அங்கே கீழவைத் தேர்தலில் அகரவரிசைப்படி இருந்த பெயர்களை 1984-இல் குலுக்கல் முறைக்கு மாற்றினார்கள். எழுத்து வரிசையில் முந்துகிற பெயர் இருந்தாலே லாபம் என்றால் எப்படி?

அப்படியானால் தேர்வு வைத்து வடிகட்டலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. அமெரிக்காவின் லூசியானாவில் 1964-இல் கொடுக்கப்பட்ட தாளைப் பார்த்த பிறகு அந்த எண்ணமே போய்விட்டது. 30 கேள்விகள், 10 நிமிடம், ஒன்று தப்பினாலும் தோல்வி. முதல் கேள்வி, "இந்த வாக்கியத்தின் எண்ணையோ எழுத்தையோ சுற்றிக் கோடு போடு." எண்ணா, எழுத்தா? எதைப் போட்டாலும் தப்பு என்று சொல்ல இடம் இருக்கிறது. திருத்துகிறவர் கறுப்பின மக்களை ஓட்டுப் போட விடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். 1965 வாக்குரிமைச் சட்டம் வந்துதான் அதற்கு முடிவு கட்டியது. கேள்வித்தாளை யார் தயாரிப்பது என்ற கேள்விக்கு இன்றுவரை நல்ல பதில் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

"தெரியாது" என்கிறவர் எதைத் தெரியாது என்கிறார் என்று கேளுங்கள். பேசாமல் கேளுங்கள், அதுதான் கஷ்டம். சொந்தத்தில் ஒரு மாமா "அரசியல் எல்லாம் எனக்குப் புரியாதும்மா" என்று ஆரம்பித்தார். பக்கத்து மருத்துவமனையில் மருத்துவர் வாரத்துக்கு 2 நாள்தான் வருகிறார், அந்த 2 நாளும் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், மருந்து எப்போது தீர்ந்துபோகிறது என்று 20 நிமிடம் சொன்னார். இது தெரியாமையா? அவருக்குத் தெரியாதது ஒன்றே ஒன்று: மருத்துவரை நியமிப்பது யார் கையில் இருக்கிறது. உள்ளாட்சியா, அதற்கு மேலேயா? பலரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். அதனால் அவர் குறையை ஒன்றாகச் சுருக்குங்கள், அது எந்தப் பதவியின் வேலை என்று இரண்டு பேருமாகத் தேடுங்கள். தெரிந்தமாதிரி அடித்துவிடாதீர்கள். நான் ஒருமுறை அடித்துவிட்டு, மறுநாள் போய் "தப்பாச் சொல்லிட்டேன் மாமா" என்று நிற்க வேண்டியிருந்தது.

அடுத்து, போட்டியிடுகிறவர்கள் அந்த ஒரு விஷயத்தில் என்ன செய்தார்கள், சபையில் எப்படி வாக்களித்தார்கள் என்று பாருங்கள். எல்லா அறிக்கையையும் படிக்கச் சொல்லாதீர்கள், நீங்களே படிக்கமாட்டீர்கள். 1988-இல் கலிபோர்னியாவில் காப்பீடு பற்றி மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டு முடிவு செய்யவேண்டிய 5 முன்மொழிவுகள் ஒரே வாக்குச்சீட்டில் வந்தன, தலைசுற்றும் விவரங்கள். ஆர்தர் லுப்பியா என்ற அரசியல் அறிஞர் ஆராய்ந்தபோது, விவரம் தெரியாவிட்டாலும் காப்பீட்டு நிறுவனங்கள் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிந்தவர்கள், எல்லாம் படித்தவர்களைப் போலவே வாக்களித்திருந்தார்கள். யார் ஆதரிக்கிறார்கள், யார் பணம் போடுகிறார்கள் என்பதே பாதி விடை.

பிறகு ஒரு சோதனை: தனக்குப் பிடிக்காத வேட்பாளரின் நல்ல வாதம் ஒன்றை, நீங்கள் அழைக்கிறவரைச் சொல்லச் சொல்லுங்கள். தயங்குகிறவர் தேறிவிடுவார். "அவனுக்கு என்ன வாதம் இருக்கு!" என்று எகிறுகிறவர்தான் எனக்குக் கவலை, அவர் எல்லாம் தெரிந்தவர், அழைக்காமலே போய்விடுவார்.

நீங்கள் யாருக்குப் போடுகிறீர்கள் என்று வாயைத் திறக்காதீர்கள். உங்களோடு ஒத்துப்போகிறவர்கள் வீட்டுக் கதவை மட்டும் தட்டினால் அதற்குப் பெயர் பிரசாரம். பெயர் சேர்க்கும் கடைசித் தேதி பல இடங்களில் தேர்தலுக்கு வெகுமுன்பே முடிந்துவிடும். முதலில் அதைப் பாருங்கள்.

ஒரே நாளில் பல பதவிகளுக்குத் தேர்தல் என்றால், தெரியாததை வெறுமையாக விடலாம் என்று சொல்லிவிடுங்கள். அமெரிக்க மெய்யியலாளர் ஜேசன் பிரென்னன், ஓட்டுப் போடுவது கடமையில்லை, போட்டால் யோசித்துப் போடுவதுதான் கடமை என்கிறார். இந்த ஓர் இடத்தில் அவர் கட்சிதான் நான். ஆனால் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்: ஆஸ்திரேலியக் கீழவைச் சீட்டில் எல்லாப் பெயருக்கும் எண் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் பெரும்பாலும் செல்லாது.

ஓட்டுப் போட்ட அன்று மாமா போன் செய்தார். "மேல இருந்ததை முடிச்சிட்டேன்மா. கீழ ஒண்ணை விட்டுட்டேன், யாரையும் தெரியலை. தப்பில்லையே?"

"தப்பில்லை மாமா."

"சரி. மேல யாருக்குன்னு கேக்காதே."

"கேக்கலையே."

"கேட்டாலும் சொல்லமாட்டேன்" என்று வைத்துவிட்டார்.