கம்பம் வெயிலில் ஒயின் பாட்டிலைக் காப்பாற்றுவது: முதல் பன்னிரண்டு பாட்டிலுக்கான செய்முறை

"கூடலூரில் உட்கார்ந்துகொண்டு உனக்கு ஒயின் அறை கேட்குதாக்கும்" என்று மச்சான் சிரித்தான். நீலகிரிக் கூடலூர் இல்லை, கம்பம் பக்கத்துக் கூடலூர். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மேலே கேரள எல்லையில் குமுளியில் ஸ்வெட்டரோடு நிற்பார்கள், லோயர் கேம்ப்புக்கு இறங்கி வந்தால் ஏப்ரலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். சுருளிப்பட்டி பக்கம் எங்கு பார்த்தாலும் பந்தல்தான், 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பன்னீர் திராட்சை, ஆனால் பழத்துக்கு ஒத்துவருகிற வெயில் பாட்டிலுக்கு ஒத்துவராது. போன கோடையில் பீரோ மேல் நிறுத்தி வைத்திருந்த நாலு பாட்டிலில் இரண்டில் கார்க் அரை விரற்கடை மேலே தள்ளியிருந்தது, லேபிளில் சிவப்பாக வழிந்து காய்ந்து, அதில் எறும்பு வரிசை. திறந்தால் உலர்திராட்சையைப் புளித்தண்ணீரில் வேகவைத்த மாதிரி வாசம்.

ஒயினுக்குத் தோதான வெப்பம் 12 முதல் 14 டிகிரி செல்சியஸ். 25-ஐத் தாண்டி வாரக்கணக்கில் கிடந்தால் வெந்த வாசம் வந்துவிடும். ஆனால் பலரும் கவனிக்காதது ஏற்ற இறக்கம். பகலில் சூடாகி ஒயின் விரியும்போது கார்க்கைத் தள்ளும், ராத்திரி சுருங்கும்போது ஓரமாகக் காற்றை உள்ளே இழுக்கும். தினமும் இப்படி நடந்தால் எந்த பாட்டிலும் தாங்காது.

முதலில் சட்டம். வீட்டில் எத்தனை லிட்டர் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு வரம்பு உண்டு, கேரளாவுக்கு வேறு, நமக்கு வேறு. குமுளியில் வாங்கி செக்போஸ்ட் தாண்டலாமா என்பதையும் சேர்த்து மதுவிலக்கு ஆயத்தீர்வை அலுவலகத்தில் கேட்டுவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

இரண்டாவது, காசு செலவழிக்கும் முன் அளந்து பாருங்கள். ஈரப்பதமும் காட்டுகிற, அதிகபட்சம் குறைந்தபட்சம் இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று போதும். அது காட்டும் ஈரப்பதம் சரியா என்று பார்க்க ஒரு வழி: பாட்டில் மூடியில் கல் உப்பைப் போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவுக்கு மட்டும் சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஜிப் கவரில் மூடி எட்டு மணி நேரம் வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மீட்டர் 5 குறைத்துச் சொல்கிறது, அவ்வளவுதான், தூக்கிப் போட வேண்டாம். ஒயர் முனையில் சென்சார் உள்ள வகையாக இருந்தால் அந்த முனையைத் தண்ணீர் நிரப்பிய பாட்டிலுக்குள் விடுங்கள். கதவைத் திறந்ததும் காற்றின் சூடு மாறும், பாட்டிலுக்குள் இருப்பது மெதுவாகத்தான் மாறும், நமக்கு வேண்டிய கணக்கு அதுதான்.

நான் மூன்று இடத்தில் ஒவ்வொரு வாரம் வைத்தேன். பீரோ மேல் பகலில் 37, விடியற்காலை 28. சமையலறை அலமாரியைப் பற்றிப் பேசவே வேண்டாம். மாடிப்படிக்கு அடியில், அந்தக் காலத்தில் தாத்தா நெல் மூட்டை அடுக்கிய வடக்குப் பக்க மூலையில், 31-க்கும் 29-க்கும் நடுவில் நின்றது. 29 டிகிரியும் ஒயினுக்குச் சூடுதான், ஆனால் ஏற்ற இறக்கம் இரண்டே டிகிரி. இன்னும் சில நாளில் குடித்துவிடப் போகிற பாட்டிலுக்கு இது போதும்.

அதற்கு மேல் வைக்க வேண்டுமென்றால் ஒயின் சில்லர், அதாவது ஒயினுக்கென்றே உள்ள சின்ன ஃபிரிட்ஜ், வாங்கத்தான் வேண்டும். இங்கேதான் நான் ஏமாந்தேன். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற சின்னச் சில்லர்களில் பல கம்ப்ரசர் இல்லாத பெல்டியர் வகை, கரண்ட் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்கிற தகடு அது. சத்தமே வராது, ஆனால் அறை வெப்பத்தைவிட ஏதோ 12, 15 டிகிரிதான் குறைக்கும். அறையே 33 என்றால் உள்ளே 18-க்குக் கீழே இறங்காது. நம்ம ஊருக்குக் கம்ப்ரசர் உள்ளது மட்டும் வாங்குங்கள், ஸ்டெபிலைசர் போடுங்கள், பின்பக்கம் நாலு விரல் இடைவெளி விடுங்கள். வீட்டு ஃபிரிட்ஜில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள். 4 டிகிரி குளிரும் வறண்ட காற்றும் கார்க்கைக் காயவைத்துவிடும்.

கார்க் போட்ட பாட்டிலைப் படுக்க வைக்க வேண்டும், கார்க் நனைந்தே இருக்கட்டும். திருகு மூடி என்றால் நிற்கட்டும், நம் நாட்டு ஒயினில் நிறைய அப்படித்தான் வருகிறது. படிக்கட்டு மூலைக்கு ரேக் வாங்க வேண்டியதில்லை. நாலு இன்ச் பிவிசி பைப்பை ஒரு அடி நீளத் துண்டுகளாக ஹாக்சா பிளேடால் அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் போதும். 750 மில்லி பாட்டில் சுமார் ஏழரை சென்டிமீட்டர் அகலம், தாராளமாக நுழையும். வெள்ளைக் கண்ணாடி பாட்டிலை மட்டும் நியூஸ்பேப்பரில் சுற்றிவிடுங்கள், வெளிச்சம் பட்டால் முட்டைகோஸ் வெந்த வாடை வரும்.

தனி அறையே கட்டுகிறேன் என்பவர்களுக்கு இரண்டே வார்த்தை. குளிர் வெளியேறாமல் சுவரில் ஒட்டுகிற தெர்மாகோலுக்கு வெளிப்பக்கம், அதாவது சூடான பக்கம், பாலித்தீன் ஷீட் ஒட்டாமல் விட்டால் ஈரம் உள்ளே இறங்கிச் சுவர் பூஞ்சை பூக்கும். சாதாரண ஏசி 16-க்குக் கீழே போகாது, காற்றையும் உலர்த்தும்.

பராமரிப்பு பெரிய வேலையில்லை. மாதம் ஒருமுறை சில்லர் கதவு ரப்பரில் பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், சுலபமாக வந்தால் குளிர் கசிகிறது. ஈரப்பதம் 60, 70 இருக்கட்டும், குறைந்தால் உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர், 80-ஐத் தாண்டினால் லேபிளில் பூஞ்சை. கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். காலி இடத்தில் தண்ணீர் பாட்டில் நிரப்பி வைத்தால் குளிர் கூடுதல் நேரம் நிற்கும்.

கடைசியாக எதை வைப்பது என்பது. கடையில் கிடைப்பதில் பெரும்பாலானது ஓரிரு வருஷத்தில் குடிக்கவே செய்தது, வைத்தால் மெருகேறாது. குமுளி சேச்சி ஒருவர் கிறிஸ்துமஸுக்கு பரணியில், அதாவது ஜாடியில், போட்ட ஒயினை "பத்து வருஷம் வச்சிரு மோனே" என்று கொடுத்தார். அந்த இனிப்பு ஒயினை நான் பொங்கலுக்கு முன்பே முடித்துவிட்டேன்.