பொருளை மாற்றும் முன் காரணத்தைத் தேடுங்கள்: பழைய காரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உவரியில் கடற்கரையை ஒட்டிய ஒரு வீட்டில் பல ஆண்டுகள் நின்ற மாருதி 800 ஒன்றை வாங்கிப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்தேன். 1996ஆம் ஆண்டு வண்டி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ளது. மூன்றாம் மாதம் ஒரு காலையில் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “பேட்டரி போய்விட்டது அண்ணாச்சி” என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. புது பேட்டரி போட்டேன். இரண்டு நாள் ஓடியது. மறுபடியும் அதே ‘டக்’. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போராடி, எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றினேன். அதில் ஒரு குறையும் இல்லை. திரும்ப மாட்டும்போதுதான், பேட்டரியின் நெகட்டிவ் முனையை எஞ்சினோடு இணைக்கும் எர்த் வயர் கண்ணில் பட்டது. எஞ்சினோடு அதை முறுக்கியிருந்த போல்ட்டைக் கழற்றினால், வயர் முனையிலிருந்த வளையம் பச்சை பூத்துப் பொடியாக உதிர்ந்தது. உப்புக்காற்று செய்த வேலை. உப்புத்தாளால் வளையத்தையும் அது உட்காரும் இடத்தையும் பளபளவென்று தேய்த்து, இறுக்கி முறுக்கி, மேலே வாசலின் தடவினேன். பத்து நிமிட வேலை. முதல் திருப்பலிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

பேட்டரியை மாற்றியபோது வயர்கள் அசைந்ததில் தொடர்பு தற்காலிகமாகக் கிடைத்திருக்கிறது. அதை நான் பேட்டரி தந்த பலன் என்று நம்பிவிட்டேன். ஊகத்தில் பொருளை மாற்றுவதுதான் பழைய காரைத் தாமே பார்த்துக்கொள்ளும் நம்மில் பலர் செய்யும் முதல் தவறு. ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் இதைத் தவிர்த்துவிடலாம். இரவெல்லாம் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டினால் சார்ஜ் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால், பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பக்கம் பாருங்கள். அடுத்து, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறு முனையை எஞ்சினின் வெற்று உலோகத்திலும் வைத்துக்கொண்டு, கியரை நியூட்ரலில் போட்டு, வீட்டில் ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குறை எர்த் பாதையில்தான். இந்த ஒரு சோதனையை அன்றே செய்திருந்தால் ஒரு பேட்டரியின் விலை எனக்கு மிஞ்சியிருக்கும். எந்த வயரைத் தொடுவதானாலும் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். எரிந்த ஃபியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றி வைக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்; அடுத்து எரிவது ஃபியூஸாக இராது, வண்டியாக இருக்கும்.

இரண்டாவது, நம் ஊரில் வேரூன்றிப்போன தவறு. “இது குளிர்நாட்டுக்கு உள்ளது, நம் வெயிலுக்கு எதற்கு?” என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் வண்டி ஓட்டியவர்களுக்கு அது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் அந்த வால்வின் வேலை எஞ்சினைச் சீக்கிரம் சூடாக்கி, சரியான சூட்டில் நிறுத்துவது. 80 டிகிரியை ஒட்டிய சூட்டில் அது திறந்துகொள்ளும். அதன்பின் தண்ணீர் ரேடியேட்டருக்குத் தடையில்லாமல் போகும். அதை எடுத்துவிட்டால் எஞ்சின் சூடாக நெடுநேரம் பிடிக்கும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து தேய்மானத்தைக் கூட்டும். அடைபட்ட ரேடியேட்டரோ இதனால் திறந்துவிடப் போவதில்லை. பாபநாசத்திலிருந்து காரையாறு நோக்கி ஏறும்போது சூட்டைக் காட்டும் முள் மேலே போகிறதென்றால் ரேடியேட்டர் அடைப்பையும் மின்விசிறி சுற்றுகிறதா என்பதையும் பாருங்கள். வால்வின் மேல் சந்தேகமா? அதை நூலில் கட்டி, சமையலுக்கு ஆகாத ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் வையுங்கள். கொதி வருவதற்குள் நடுத்தட்டு மெல்ல விலகித் திறக்க வேண்டும். வெளியே எடுத்து ஆறியதும் மூடிக்கொள்ள வேண்டும். அப்படி நடந்தால் அது நல்ல வால்வு.

அடைப்பு வருவதற்குப் பெரும்பாலும் நாம் ஊற்றும் தண்ணீரே காரணம். ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் உப்பைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவுதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் சேர்கிறது. தாமிரபரணித் தண்ணீர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் குடிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்வோம். காய்ச்சி வடித்த நீரும், எஞ்சினைக் குளிர்விப்பதற்கென்றே விற்கும் கூலண்டும் கலந்து ஊற்றுங்கள். கூலண்ட் நஞ்சு, வடித்ததைக் குழந்தைகளும் நாய்களும் அண்டாத இடத்தில் வையுங்கள்.

வழியில் கொதித்துவிட்டால் மூடியைத் திறக்காதீர்கள். மூடி தாங்கும் அழுத்தத்தில் உள்ளே இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் தளர்த்திய கணமே ஆவியாகி முகத்தில் பீறிடும். எஞ்சின் மேல் குளிர்ந்த நீரைக் கொட்டுவதும் ஆபத்துதான். அலுமினியத்தாலான சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும், விரிசலும் விடலாம். நிழலில் நிறுத்தி, போனட்டைத் திறந்துவிட்டு, குறைந்தது அரை மணி நேரம் பொறுத்திருங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகே மூடியில் கை வையுங்கள்.

பெட்ரோல் விஷயத்தில் ஒரு புதுச் சிக்கல் வந்திருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வழக்கமாகிவிட்டது. தொண்ணூறுகளின் வண்டிகளில் இருக்கும் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. டேங்கில் படிந்திருந்த பழைய அழுக்கையும் எத்தனால் கிளப்பிவிடுகிறது. அது ஃபில்டரில் போய் அடைக்கும். வண்டி இழுவை இல்லாமல் திணறினால் உடனே கார்புரேட்டரின் திருகுகளைத் திருகிப் பார்க்கும் ஆசை வரும். முதலில் ஃபில்டரை மாற்றுங்கள், குழாய்களை விரலால் அழுத்திப் பாருங்கள். ஊறி உப்பியோ விறைத்து வெடித்தோ இருந்தால், எத்தனாலைத் தாங்கும் பெட்ரோல் குழாயே வாங்கிப் போடுங்கள். தண்ணீர் டியூப் ஒருபோதும் வேண்டாம்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. மாருதி 800 சிறிய வண்டிதான், ஆனாலும் 650 கிலோ. சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலில் ஜாக்கி நம் கண் முன்பே சாயும். செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுப்பது அதைவிட மோசம். பாரம் தாங்காமல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். கெட்டியான தரை, தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஜாக்கி ஸ்டாண்ட், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. இவை இல்லாமல் அடியில் போகாதீர்கள்.

பிரேக் ஆயில் குறைந்தால் கையில் கிடைத்த எஞ்சின் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். சிறிதளவு கலந்தாலும் போதும், உள்ளே இருக்கும் ரப்பர்கள் ஊதிப்போகும். பிரேக் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவுவதும் இதே கேட்டைத்தான் செய்யும். ஆயில் குறைவதற்குத் தேய்ந்த பேடு காரணமாக இருக்கலாம், கசிவும் காரணமாக இருக்கலாம்; நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் பார்க்காமல் நிரப்பாதீர்கள். பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் ஒர்க்‌ஷாப் வரை மெதுவாக ஓட்டிப் போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.