தொற்றுக் காலத்தில் கொயரை (சேர்ந்து பாடும் குழுவை) நிறுத்தாமல் நடத்துவது எப்படி?

2020 மார்ச்சில் அமெரிக்காவின் ஸ்காஜிட் பள்ளத்தாக்கில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர். அறிகுறியோடு வந்த ஒருவரிடமிருந்து 52 பேர் வரை கொரோனா தொற்று பரவி, இரண்டு பேர் இறந்துபோனார்கள். ஆகவே இப்படித் தொற்று பரவும் காலத்தில் அறைக்குள் கூடிப் பாடுவது கிடையாது. அதற்காகக் கொயரைக் கலைக்க வேண்டியதில்லை.

1. ஜூமில் எல்லாரும் ஒன்றாகப் பாடிப் பார்க்கலாம் என்ற ஆசையை முதலில் விடுங்கள். பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் குரல் நம் காதுக்கு வர சுமார் 30 மில்லி விநாடி ஆகும், அதற்கு மேல் போனாலே தாளம் இழுக்கும். வீடியோ அழைப்பிலோ தாமதம் பெரும்பாலும் அதைவிடப் பல மடங்கு. ஜாமுலஸ், ஜாக்ட்ரிப் போன்ற மென்பொருள்கள் தாமதத்தைக் குறைக்கும், ஆனால் கேபிள் இணைப்பு இல்லாமல் சரிவராது. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

2. வாராந்தரச் சந்திப்பை அதே கிழமை, அதே நேரத்தில் வையுங்கள். கொயரை நடத்துபவர் இசைக்கருவி வாசிப்பார், மற்றவர்கள் மியூட்டில் பாடுவார்கள். அப்புறம், ஏட்டில் எழுதாமல் காதால் மட்டுமே கற்ற பாட்டுகளை மூத்தவர்களைத் தனித்தனியாகப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எங்கே மூச்சு எடுப்பார்கள், எந்த இடத்தில் இழுப்பார்கள், யாரிடம் கற்றார்கள் என்றும் கேளுங்கள். என்னைக் கேட்டால் யூடியூப் வீடியோவைவிட இதுதான் முக்கியம்.

3. சேர்ந்து பாடியதாக ஒரு பதிவு வேண்டுமென்றால் எல்லாரும் கேட்டுக்கொண்டே பாட ஒரு வழிகாட்டி ட்ராக் தயாரியுங்கள்: பியானோ, மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி), தொடக்கத்தில் எண்ணிக்கை, அதன் பிறகு ஒரு கைதட்டல். சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்ற நான்கு குரல் பிரிவுகள் ஒவ்வொன்றுக்கும் அவரவர் குரல் தூக்கலாக ஒரு பிரதி. வரி முடிவில் ‘ஸ்’ வந்தால் ஓரிருவர் மட்டும் உச்சரிக்கட்டும், இல்லாவிட்டால் இருபது பாம்பு சீறும்.

4. பாடுபவர் ஒரு போனில் ஹெட்போன் வைத்து ட்ராக்கைக் கேட்க வேண்டும், இன்னொரு போனில் பதிய வேண்டும். மின்விசிறியை அணைத்து, துணிமணி நிறைந்த அறையில் நின்று, கைதட்டலோடு கூடவே தட்டிவிட்டு முழுக்குரலில் பாடட்டும். பக்கத்தில் ஆள் இல்லாததால் பலர் முணுமுணுப்பார்கள், கறாராகத் திருப்பி அனுப்புங்கள்.

5. பதிவுகளை ஒன்றுசேர்க்க ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் இலவசம். கைதட்டல்களை நேராக்கி, குரல்களை இடம் வலமாகப் பரப்பி, கொஞ்சம் ரிவெர்ப் (அறையில் ஒலிப்பது போன்ற எதிரொலி) சேருங்கள். சுருதியை ரொம்பத் திருத்த வேண்டாம்.

ஒன்றுகூட அனுமதி வந்ததும் முதலில் திறந்தவெளி, மாஸ்க், தாராளமான இடைவெளி. அறைக்குள் என்றால் அரை மணி நேரம் பாடிவிட்டு, சன்னல்களைத் திறந்து வைத்துக் காற்று மாறும்வரை எல்லாரும் வெளியே நில்லுங்கள்.