நாற்காலியே எழுப்பிவிடட்டும்

நெடுநேரம் உட்கார்ந்தே இருக்காமல் எழுந்திருக்க, அரை மணிக்கு ஒருமுறை அடிக்கும் அலாரம் வைத்தால் அது சில நாள்தான் பலிக்கும். நீங்கள் இப்போதுதான் நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. இரண்டு முறை வேண்டாத நேரத்தில் அடித்தால், மூன்றாம் முறை கை தானாகவே அணைத்துவிடும். ஸ்மார்ட் வாட்சும் மணிக்கட்டின் அசைவை வைத்துத்தான் கணிக்கிறது. ஆள் உட்கார்ந்திருப்பது நாற்காலிக்குத்தான் நேரடியாகத் தெரியும். அதனால் நாற்காலியிலேயே ஒரு சென்சாரை வைத்து, நேரம் ஆனதும் சத்தம் போடவைப்போம்.

ஒரு ஈஎஸ்பி32 போர்டு (நாம் எழுதும் புரோகிராமை இயக்கும் சிறு மின்னணுப் பலகை), எஃப்எஸ்ஆர் 406 அழுத்த சென்சார் (அழுத்தினால் மின்தடை மாறும் தட்டை சென்சார்), 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், மூன்று இணைப்புக் கால்கள் (பின்) உள்ள, சத்தம் எழுப்பும் பஸ்ஸர் மாட்யூல், ஜம்பர் ஒயர்கள் போதும். சென்சாரின் ஒரு காலை போர்டின் 3.3 வோல்ட் பின்னில் கொடுங்கள். 5 வோல்ட்டை இன்புட் பின் தாங்காது. மறு காலை போர்டில் ஜிபிஐஓ 34 என்ற இன்புட் பின்னில் இணைத்து, அங்கிருந்தே ரெசிஸ்டர் வழியாக கிரவுண்டுக்கு இழுங்கள். உட்கார்ந்ததும் சென்சாரின் மின்தடை குறைந்து, போர்டு படிக்கும் அளவு அதன் உச்சமான 4095-ஐ நோக்கி ஏறும். சென்சாரின் கால்களில் நேராக சால்டரிங் செய்யாதீர்கள், பிளாஸ்டிக் உருகிவிடும். கனெக்டர் போடுங்கள்.

பெரும்பாலும் கோளாறு வருவது சென்சாரை வைக்கும் இடத்தில்தான். ஃபோம் மேல் அப்படியே வைத்தால் அதோடு சேர்ந்து சென்சாரும் வளையும். வளைவையும் அது அழுத்தமாகவே படிக்கும். காலி நாற்காலியில் ஆள் இருப்பதாகக் காட்டுவது இதனால்தான். வளையாத தட்டையான பலகையில் ஒட்டி, மேலே சென்சார் பரப்பைவிடச் சற்றுச் சிறிய 2 மி.மீ. ரப்பர் துண்டை வைத்து, குஷனுக்கு அடியில் செருகுங்கள். நட்டநடுவில் வேண்டாம். இடுப்பெலும்பின் அடிமுனை அழுந்துவது நடுவிலிருந்து சற்று இடமோ வலமோ தள்ளித்தான்.

காலியாக இருக்கும்போது ஒரு அளவும், உட்கார்ந்து 20 நிமிடம் கழித்து ஒரு அளவும் குறித்துக்கொண்டு, இரண்டுக்கும் நடுவில் எல்லையை வையுங்கள். உட்கார்ந்தவுடன் எடுத்த அளவை நம்ப வேண்டாம். தொடர்ந்து பாரம் இருந்தால் அது மெல்ல நகரும்.

போர்டில் ஏற்றும் புரோகிராம் கோடில் (code) சென்சாரை நொடிக்கு ஒருமுறை படித்தால் போதும். 30 நிமிடம் ஆனதும் பஸ்ஸர் அடிக்கட்டும், அணைக்க பட்டன் எதுவும் வேண்டாம். எழுந்தால் சத்தம் நிற்க வேண்டும், ஆனால் கணக்கு பூஜ்யமாவது நாற்காலி தொடர்ந்து 2 நிமிடம் காலியாக இருந்தால் மட்டுமே. இந்த நிபந்தனையை விட்டுவிடாதீர்கள். இது இல்லாவிட்டால் லேசாக எழுந்து உட்கார்ந்தே ஏமாற்றிவிடலாம்.

இயக்கியதுமே பஸ்ஸர் விடாமல் கத்தினால், அது லோ சிக்னலில் (வோல்ட் இல்லாத நிலையில்) அடிக்கும் வகை. கோடில் ஹை, லோ இரண்டையும் மாற்றிப் போடுங்கள். மின்சாரத்தை கம்ப்யூட்டரின் யூஎஸ்பியிலிருந்து எடுங்கள். பல பவர் பேங்குகள் இவ்வளவு குறைந்த மின்னோட்டத்துக்குத் தாமாகவே அணைந்துவிடும். சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி என்றால் ஒயரைத் தளர்வாக விட்டு, சக்கரத்தில் சிக்காதபடி கட்டுங்கள்.