அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தை நிறுவிய லேலண்ட் ஸ்டான்ஃபோர்டின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எப்படி?

ஒரு தாளின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் வியாபாரம், வலப்பக்கம் அரசியல். 1824இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தது, 1852இல் கலிஃபோர்னியா போய்த் தங்கம் தோண்ட வந்தவர்களுக்குச் சாமான் விற்றது, இவற்றுக்கு இரண்டு வரி போதும்.

1861இல் நிதானியுங்கள். அந்த ஒரே ஆண்டில் சென்ட்ரல் பசிபிக் ரயில் கம்பெனிக்குத் தலைவரானார், கலிஃபோர்னியா கவர்னர் தேர்தலிலும் ஜெயித்தார். “வியாபாரத்தை விட்டு அரசியலுக்கு வந்தார்” என்று எழுதுவது தப்பு. கவர்னராக இருந்தபடியே தன் கம்பெனிக்கு உதவும் சட்டங்களில் கையெழுத்திட்டார். பதவியேற்பு உரையில் ஆசியர் குடியேற்றத்தை எதிர்த்தவர் அவர். அவருடைய தண்டவாளத்தைப் போட்டவர்களோ பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள். இதை விட்டுவிட்டால் குறிப்பு நியாயமாக இருக்காது.

தேதி வழுக்கும் இடம், அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் ரயில்பாதை இணைந்தபோது அவர் அடித்த தங்க ஆணி. அதில் பொறித்திருப்பது 1869 மே 8. விழா தள்ளிப்போய் நடந்ததோ மே 10. ஆணியைப் பார்த்துத் தேதி எழுதாதீர்கள்.

1885 முதல் 1893இல் இறக்கும் வரை அவர் அமெரிக்க செனட்டர். “மக்கள் வாக்களித்தார்கள்” என்று எழுத வேண்டாம். அன்று செனட்டரைத் தேர்ந்தெடுத்தது மாநிலச் சட்டமன்றம். அவர் நிறுவிய பல்கலைக்கழகத்தின் முழுப் பெயரான ‘லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட் ஜூனியர் பல்கலைக்கழகம்’ என்பதில் ‘ஜூனியர்’ விடுபடக் கூடாது. ‘லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட் ஜூனியர்’ என்பது 1884இல், 15 வயதில், ஃபிளாரன்ஸில் டைபாய்டு காய்ச்சலால் இறந்த மகனின் பெயர்.