மார்கழிப் பனியும் மாடிச் செடிகளும்: புதிதாகத் தொடங்குவோருக்கு

கோயம்புத்தூர்க் குளிர் என்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். அங்கே உறைபனியில் புல்லே கருகும். இங்கே மார்கழி விடியற்காலையில் 18 டிகிரிக்கு இறங்கினாலே நாம் மப்ளரைத் தேடுகிறோம். இந்தக் குளிருக்கு நம் வீட்டுச் செடிகள் சாவதில்லைங்க. பெரும்பாலும் நாம் ஊற்றும் தண்ணீரில்தான் சாகின்றன.

நானும் முதல் வருடம் ஒரு ஸ்நேக் பிளான்ட்டை அப்படித்தான் கொன்றேன். இலை பச்சையாக, விறைப்பாகத்தான் நின்றது. தூசி துடைக்கலாம் என்று பிடித்தேன், கையோடு வந்துவிட்டது. அடியில் பழுப்பாக, கொழகொழவென்று, அழுகின முட்டைக்கோஸ் வாடை. சித்திரையில் ஊற்றிய கணக்கிலேயே தை வரைக்கும் ஊற்றியிருந்தேன்.

1. முதலில் நிழலைப் பாருங்கள்

மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து ஓடும். டிசம்பர் கடைசியில் உச்சிவேளையில்கூட நம் தலைக்கு நேர் மேலே வராது, சுமார் 34 டிகிரி தெற்கே நிற்கும். அதனால் மொட்டை மாடியின் தெற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்த தொட்டிகள் நிழலில் மாட்டிக்கொள்ளும். 3 அடிச் சுவரின் நிழல் நடுப்பகலிலேயே 2 அடிக்கு விழுகிறது, டேப் வைத்து அளந்து பாருங்கள். வெயில் வேண்டிய தக்காளி, செவ்வந்தி எல்லாவற்றையும் வடக்குப் பக்கம் தள்ளி வையுங்கள். அந்த ஒரு மாற்றத்திலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

2. விரலை விட்டுப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுங்கள்

"தொட்டுப் பாக்காம ஊத்தாத கண்ணு" என்பார் எங்கள் அம்மாயி. ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் ஒட்டினால் அன்றைக்கு விட்டுவிடலாம். தேங்காய் நார்த்தூள் அதிகம் போட்ட தொட்டி என்றால் இன்னும் கவனம் தேவை. மேலே காய்ந்து வெளுத்திருக்கும், உள்ளே சொதசொதவென்று இருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் நார்த்தூள் சுலபமாகக் கிடைக்கிறது என்பதற்காகத் தொட்டி முழுக்க அதையே நிரப்பாதீர்கள். செம்மண் 2 பங்கு, மண்புழு உரம் 1, நார்த்தூள் 1, கூடவே ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. தொடங்குகிறவர்களுக்கு இது போதும்.

வெயில் ஏறிய பிறகு, 8 மணிக்கு மேல் ஊற்றுங்கள். சாயங்காலம் இலை நனைய ஊற்றினால் ராத்திரிப் பனியும் சேர்ந்து பூஞ்சை பிடிக்கும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் மண் தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முடிந்தால் உள்ளே வளர்க்கும் செடிகளுக்காவது நல்ல தண்ணீர் கொடுங்கள். ஐப்பசி மழையில் இரண்டு டிரம் பிடித்து மூடி வைத்திருந்தால் இன்னும் நல்லது.

3. மல்லித்தழையில் ஆரம்பியுங்கள்

குளிருக்கு இதைவிடச் சுலபமான பயிர் இல்லை. வெயில் காலத்தில் சட்டென்று பூவுக்குப் போய்விடும் மல்லி, இப்போது நிதானமாகத் தழைக்கும்.

அஞ்சறைப் பெட்டி மல்லி சில நேரம் முளைக்கும், சில நேரம் ஏமாற்றும். விதைக்கடையில் வாங்குவதே மேல். நாம் விதை என்று நினைக்கும் அந்த உருண்டைக்குள் இரண்டு விதை உண்டு. துணியில் பரப்பி, சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டுங்கள். டப் டப் என்று இரண்டாகப் பிளக்கும். பொடியாகிவிட்டால் அழுத்தம் அதிகம், அதை ரசத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். பிளந்ததை ராத்திரி ஊறவைத்து, காலையில் தண்ணீரை வடித்து, அரை அங்குல ஆழத்தில் தூவி மூடுங்கள். முளைக்க 10 நாளுக்கு மேலும் ஆகும். ஐந்தாம் நாளே கிளறிப் பார்க்கக் கூடாது (நான் பார்த்திருக்கிறேன்). 40 நாளில் கிள்ளலாம்.

கேரட், பீட்ரூட், முள்ளங்கியை நேரடியாகத் தொட்டியில் விதையுங்கள். கேரட் நாற்றைப் பிடுங்கி நட்டால் கிழங்கு கோணிக்கொள்ளும். காலிபிளவருக்கு நாற்றாக வாங்கி நடுவது நல்லது.

4. வீட்டுக்குள் இருக்கும் செடிகள்

மணி பிளான்ட், ஸ்நேக் பிளான்ட், ஜீஜீ (ZZ பிளான்ட்) மூன்றும் இந்த இரண்டு மாதம் மெதுவாகத்தான் வளரும். புது இலை வரவில்லையே என்று உரம் போடாதீர்கள். மணி பிளான்ட்டுக்கு வாரம் ஒரு முறை தொட்டுப் பார்த்து ஊற்றினால் போதும். மற்ற இரண்டுக்கும் 3 வாரம் ஆனாலும் பரவாயில்லை. ஏசி காற்று நேராகப் படும் இடம் வேண்டாம். தெற்கு ஜன்னலில் இப்போது வெயில் அறைக்குள் வரும், மணி பிளான்ட்டை ஒரு முழம் உள்ளே தள்ளி வையுங்கள்.

5. பூச்சி

காலையில் இலையைத் திருப்பிப் பாருங்கள். பஞ்சு மாதிரி இருந்தால் மாவுப்பூச்சி, கூட்டமாகப் பச்சைப் புள்ளிகள் என்றால் அசுவினி. 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்கு இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், நன்றாகக் குலுக்கி வெயில் தாழ்ந்த பிறகு அடியிலும் மேலிலும் தெளியுங்கள். ராத்திரி பனிக்கு முன் இலை உலர்ந்துவிட வேண்டும், அதனால் 4 மணி வாக்கில் செய்வது நல்லது. இலை மேல் திருநீறு பூசினது போல் வெளுத்தால் அது சாம்பல் நோய். அந்த இலைகளைக் கிள்ளிப் போட்டுவிட்டு, தொட்டிகளுக்கு நடுவே கைநுழைய இடம் விடுங்கள்.

தொட்டி மாற்றுவது, பதியம் போடுவது, மணி பிளான்ட் கொடியை வெட்டி வைப்பது எல்லாம் இப்போது வேண்டாம். மாசி பிறந்து வெயில் கொஞ்சம் சுள்ளென்று அடிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.